முதுகுப் பக்கத்துச் சுவர்

தாலஸ் தன் ஆயுசில் முதல் தடவையாக விருந்தாளிகள் படுத்தபடியே சாப்பிடும் விருந்துக் கட்டிலில் சாய்ந்து படுத்தது, விருந்துக்கு முந்தின நாள் மத்தியானம்தான். படுத்தவன் இமை கொட்டும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "ஐயோ, போச்சு!" என்று கத்தினான்.

வாசலருகே தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஓவியன் ஓப்பியஸ் பதறிப்போய் எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, தேள் கீள் கடிச்சிருச்சா?"

"நீயே வந்து படுத்துப் பாரு."

ஓப்பியஸ் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வந்து, மூன்று கட்டில்களில் பின்சுவரை ஒட்டிய நடுக்கட்டிலில் இடது முழங்கையை ஊன்றிப் படுத்தான். அது வீட்டுக்கு வரும் பெரிய மனிதருக்கென்றே உள்ள இடம். அங்கே படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிவது, சுவர் இல்லாமல் திறந்து கிடந்த அறையின் நாலாவது பக்கம். அதற்கு அப்பால் பத்தடி அகலத்தில் ஒரு தோட்டம். தோட்டத்துக்கு அப்பால் சமையலறையின் வெளிச்சுவர், அடுப்புப் புகை ஏறிக் கன்னங்கரேலென்று கிடந்தது. அந்தச் சுவரின் நட்டநடுவில் கக்கூஸ் கதவு.

ஓப்பியஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி, கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு வளைந்து, தான் பதினோரு நாள் உயிரைக் கொடுத்துத் தீட்டிய சுவரைப் பார்க்க முயன்றான். ஒரு சிவப்பு மூலையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"படம் முதுகுக்குப் பின்னால, கக்கூஸ் கண்ணுக்கு முன்னால. நல்லா இருக்குய்யா உன் விருந்து," என்றான்.

"நீ ஏன்யா சொல்லல?"

"நானா? முதல் நாளே கேட்டேனா இல்லையா? 'இருபத்திரண்டு வருஷம் விருந்தறையில நின்னவன் நான், எனக்கே பாடம் நடத்தறியா'ன்னு என் மேல எகிறினது யாரு?"

எகிறியது தாலஸ்தான், சந்தேகமில்லை. இருபத்திரண்டு வருஷம் அவன் அரெல்லியா அம்மாள் வீட்டில் விருந்து பரிமாறிய அடிமை. எந்தத் தட்டு எப்போது வர வேண்டும், யார் எந்தக் கட்டிலில் எந்த இடத்தில் படுக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஆனால் அவ்வளவும் நின்றபடி பார்த்தது. அறையின் திறந்த பக்கத்தில், கையில் தட்டோடு, கட்டில்களைப் பார்த்து நிற்கிறவன் கண்ணுக்கு நேரே இருப்பது பின்சுவர். விருந்தறையின் அழகெல்லாம் பின்சுவரில்தான் இருக்கிறது என்று அவன் மனசார நம்பிக்கொண்டிருந்தான். சொந்தமாக ஒரு வீடு என்று வந்ததும், இருந்ததையெல்லாம் கொண்டுபோய் அந்தச் சுவரில் கொட்டினான். படுத்திருப்பவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்ற கேள்வி அந்த மண்டையில் எழவே இல்லை.

"மெத்தை விக்கிறவன் நீ! நுசேரியாவுல பாதிப் பேர் விலாவுக்குக் கீழ உன் மெத்தைதான் கெடக்கு. விடுதலை ஆகி நாலு வருஷம் ஆச்சு. ஒருநாள்கூடவா படுத்துச் சாப்பிடல?" என்றான் ஓப்பியஸ்.

"தன்னந்தனியா படுத்துச் சாப்பிடறதுக்கு நான் என்ன சீக்காளியா? கடையில முக்காலியப் போட்டு உக்காந்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்னுட்டு எந்திரிப்பேன்."

"சரி, கட்டிலத் திருப்பிப் போட்டுரலாம்."

"கல்லு வச்சுக் கட்டினதுய்யா. நீதானே பக்கத்துல நின்னு பார்த்த!"

"அப்போ நாளைக்கு வர்ற அரெல்லியா அம்மாவ ஓரக் கட்டில்ல படுக்கச் சொல்லு."

தாலஸ் அவனை ஒரு பார்வை பார்த்தான். அரெல்லியா அம்மாளை ஓரக் கட்டிலில் படுக்கச் சொல்வதும், அவள் முகத்தில் கழுவாத கையால் அறைவதும் ஒன்றுதான். அது ஓப்பியஸுக்கும் தெரியும்.

வெறும் பெருமைக்கு வைத்த விருந்தாக இருந்தால் தாலஸ் இப்படிப் பதறியிருக்க மாட்டான். நாளை மறுநாள் காலையில் கப்புவாவிலிருந்து ஒரு வண்டி வரப்போகிறது. அம்மாளின் தம்பி மகளுக்குக் கல்யாணம். தலை வாரிச் சடை பின்னத் தெரிந்த கைகாரி ஒருத்தியை அம்மாள் சீதனமாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். அந்தக் கைகாரி நெப்ரிஸ். தாலஸின் பெண்டாட்டி.

சட்டம் அவளைப் பெண்டாட்டி என்று சொல்லாது. அடிமைக்கு ஏது கல்யாணம்? ஆனால் பதினேழு வருஷம் ஒரே வீட்டில், ஒரே படுக்கையில், ஒருவர் சளிக்கு மற்றவர் கஷாயம் வைத்துக் கொடுத்து வாழ்ந்தவர்களை வேறு எப்படிச் சொல்வது? நாலு வருஷத்துக்கு முன் அம்மாளின் புருஷன், பெரிய ஐயா, செத்தபோது உயிலில் தாலஸுக்கு விடுதலை எழுதியிருந்தார். நெப்ரிஸ் அம்மாளின் சொந்த ஆள், அதனால் உயிலில் வரவில்லை. அன்றிலிருந்து தாலஸ் கடையிலும் அவள் அங்கேயும்தான். வாரத்துக்கு ஒரு தடவை சமையல்கட்டு வாசலில் நின்று பேசுவார்கள்.

விலை கொடுத்து மீட்கலாம் என்று கேட்டும் பார்த்தான். "என் வீட்டு ஆளுங்கள நான் விக்கிறதில்ல. குடுப்பேன், இல்லேன்னா வச்சுக்குவேன்," என்று அம்மாள் முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட்டாள். "என் வீட்ல அவ கணப்பு இருக்கிற ரூம்ல தூங்குறா. உன் கடைக்கு மேல எலி ஓடற பரண்ல கொண்டுபோய்ப் படுக்க வைக்கப் போறியாடா?" என்றும் கேட்டாள். "வீடு கட்டிக்கிட்டிருக்கேம்மா, வந்து பாருங்க," என்றான் தாலஸ். அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வரேன். சாப்பாடு போடு. பார்த்துட்டுச் சொல்றேன்."

அந்தச் சாப்பாடுதான் நாளைக்கு. விடுதலை கொடுக்க ஊர் அதிகாரி முன் கோலைத் தொட்டுச் சொல்வது ஒரு வழி. உயிலில் எழுதுவது இன்னொரு வழி. மூன்றாவது வழி இருப்பதிலேயே சுலபம்: நாலு பேர் பார்க்க, உடையவர் தன் அடிமையிடம் விருந்துக் கட்டிலைக் காட்டி 'படு' என்று சொன்னால் போதும், முடிந்தது. அரெல்லியா அம்மாள் மூன்று பிள்ளை பெற்றவள். மூன்று பெற்றவளுக்கு அந்த ஊர்ச் சட்டப்படி எந்த ஆம்பளையின் சம்மதமும் வேண்டாம். அவள் வாய் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அதையெல்லாம் நம்பிக்கிட்டு இருக்காதய்யா. அம்மா வாயத் தெறக்கறவங்களா? நான் துணிமணியக் கட்டி வச்சிட்டேன்," என்று போன வாரம் நெப்ரிஸ் சமையல்கட்டு வாசலில் சொன்னாள். சொல்லிவிட்டு அழாமல் உள்ளே போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"இன்னைக்கே அந்தக் கரிச் சுவத்துல ரெண்டு மரம், நாலு பறவை போட்டுர முடியாதா?" என்று தாலஸ் இப்போது கெஞ்சினான்.

"கரியக் கொத்தி எடுக்கணும். மணல் பூச்சு பூசணும், அது காயணும். அதுக்கு மேல சலவைக்கல் பொடிப் பூச்சு. அது ஈரமா இருக்கையில வர்ணம். பத்து நாள் ஆகும். கரி மேல அப்படியே அடிச்சேன்னு வச்சுக்க, நாளைக்கு அந்தம்மா முட்டையக் கடிக்கிறப்ப என் பறவையெல்லாம் கால்வழியா ஒழுகிக் கீழ எறங்கும்."

"அப்போ என்னதான்யா பண்றது?"

ஓப்பியஸ் தாடையைச் சொறிந்தான். "உன் கடையில துணி இருக்கா?"

துணியா இல்லை! மெத்தை உறைக்கான நீலக்கோட்டுத் துணி முழுசாக ஒரு சுருள் இருந்தது. இருவரும் அதைத் தோட்டத்துத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டிலில் படுத்துப் பார்த்தபோது அது மெத்தைக் கடை மாதிரியே இருந்தது. ஆனால் கக்கூஸ் மாதிரி இல்லை. அந்த மட்டுக்குப் பரவாயில்லை.

"நாளைக்கு நீயும் வந்து படு. ஓரக் கட்டில் காலியா இருந்தா அசிங்கமா இருக்கும்," என்றான் தாலஸ்.

"சாப்பாடு உண்டுல்ல?"

"உண்டு."

"அப்போ வரேன்," என்றான் ஓப்பியஸ்.

மறுநாள் பிற்பகல், வெயில் இறங்கத் தொடங்கிய நேரத்தில், அரெல்லியா அம்மாளின் பல்லக்கு வாசலில் வந்து நின்றது. எழுபது வயசு. குச்சி மாதிரி உடம்பு, முழங்காலில் வாதம், ஆனால் கண் மட்டும் கழுகுக் கண். கூடவே கலாவியஸ் வந்தான். நீதிமன்றத்தில் வாதாடுகிறவன், சட்டமும் சகுனமும் கரைத்துக் குடித்தவன், அம்மாள் எங்கே போனாலும் பின்னாலேயே வருகிற குடும்ப நண்பன். இருவருக்கும் பின்னால், அம்மாளின் கைத்துண்டைத் தூக்கிக்கொண்டு நெப்ரிஸ். அவள் தாலஸைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"என் ஆளு எனக்குப் பரிமாறட்டும். உன் ஆளுங்க எவனோ எவளோ," என்று சொல்லிக்கொண்டே அம்மாள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.

உடனே படுத்துவிடுவாள் என்று பார்த்தால், வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். நுழைவழியில் நின்று மேலே பார்த்தாள். "ஹும்" என்றாள். நடுக்கூடத்துக்கு வந்து மழைத் தொட்டியில் விரலை விட்டு, பாசி இருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்தாள். "ஹும்." வீட்டுத் தெய்வங்களின் மாடத்துக்குக் கீழே ஓப்பியஸ் எழுதியிருந்த இரண்டு பாம்புகளைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். அம்மாளின் 'ஹும்' எத்தனை வகை என்று தாலஸ் இருபத்திரண்டு வருஷத்தில் பாடம் பண்ணி வைத்திருந்தான். இதுவரை வந்தவை நல்ல வகைதான். கொஞ்சம் மூச்சு விட்டான்.

கூடத்தை ஒட்டியிருந்த சின்னப் படுக்கையறை வாசலில் அவள் நின்றாள். மஞ்சள் சுவர். கட்டில் தலைமாட்டில் ஒரு குட்டி மாடம்.

"அந்த மாடம் எதுக்கு?"

"சீப்பு வைக்கம்மா."

"உன் மண்டையிலதான் நாலு முடிகூட இல்லையே. யார் சீப்பு?"

தாலஸ் நெப்ரிஸைப் பார்த்தான். நெப்ரிஸ் இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'ஹும்' கூடச் சொல்லாமல் விருந்தறைக்கு நடந்தாள். அது எந்த வகை என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அம்மாள் தரையைப் பார்த்து, முழங்காலைப் பிடித்தபடி நடக்கிறவள். விருந்தறைக்குள் வந்ததும் நேரே நடுக்கட்டிலுக்குப் போய், செருப்பைக் கழற்றக் காலை நீட்டி, திரும்பிப் படுத்துவிட்டாள். பின்சுவரை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதினோரு நாள் வேலை! ஓப்பியஸ் ஓரக் கட்டிலில் படுத்தபடி பல்லைக் கடித்தான். கலாவியஸ் அம்மாள் பக்கத்தில் படுத்தான். வீட்டுக்காரனுக்கு உரிய இடம் அம்மாளின் தலைக்குப் பக்கத்துக் கட்டில். தாலஸ் அங்கே முழங்கையை ஊன்றிப் படுத்தான். நெப்ரிஸ் திறந்த பக்கத்தில், மதுக்குடம் இருந்த சின்ன மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

முதலில் முட்டை வந்தது. தட்டு உள்ளே நுழைந்ததுமே தாலஸ் துள்ளி எழுந்தான். பழக்க தோஷம், வேறென்ன.

"படுடா!" என்றாள் அம்மாள்.

படுத்தான். காளான் வந்தது. மறுபடியும் எழுந்தான்.

"தாலஸ், உன்னக் கட்டில்லயே கட்டிப் போடணுமா?"

கலாவியஸ் சிரித்தான். சந்தையில் வாடகைக்குப் பிடித்த சமையல்காரன் கார்பஸ் அன்றைக்கு நன்றாகவே சமைத்திருந்தான். பன்றித் தொடை பஞ்சு மாதிரி வெந்திருந்தது. மீன்சாறு அளவாக இருந்தது. அம்மாள் இரண்டாவது துண்டு எடுத்தாள். சரி, தப்பித்தோம் என்று தாலஸ் நினைத்தான். அப்போதுதான் காற்று கிளம்பியது.

மழைக்கு முன்னால் மலைப்பக்கத்திலிருந்து வரும் காற்று. நீலக்கோட்டுத் துணி முதலில் வயிறு மாதிரி உப்பியது, பிறகு படபடவென்று அடித்தது, பிறகு ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து மொத்தமாகப் பொத்தென்று விழுந்தது. எதிரே கரிச் சுவர். அதன் நடுவே கக்கூஸ் கதவு. சொல்லி வைத்தமாதிரி அந்தக் கதவு திறந்தது, கார்பஸ் இடுப்புக் கச்சையைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தான். நாலு பேர் தன்னையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து ஒரு கும்பிடு போட்டான்.

ஓப்பியஸ் மட்டும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

"விருந்து நடுவுல துணி விழுறது நல்ல சகுனம் இல்ல," என்று கலாவியஸ் மெல்ல ஆரம்பித்தான்.

"சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல. கயிறு அறுந்துச்சு, துணி விழுந்துச்சு," என்றாள் அம்மாள். பிறகு தாலஸ் பக்கம் தலையைத் திருப்பினாள். "இதக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டியாடா?"

தாலஸ் இந்தத் தடவை எழவில்லை. "அம்மா, விருந்தறைய நான் எப்பவும் நின்னுதாம்மா பாத்திருக்கேன். அங்கேருந்து பாத்தா எது அழகோ அத மட்டும்தான் கட்டத் தெரிஞ்சது. படுத்திருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்னு நேத்து மத்தியானம் வரைக்கும் எனக்குத் தெரியாது," என்றான்.

அம்மாள் தன் கிண்ணத்தை நீட்டினாள். மது வரவில்லை. கையைக் கொஞ்சம் ஆட்டினாள். அப்போதும் வரவில்லை.

"அடியே நெப்ரிஸ்!"

நெப்ரிஸ் குடுவையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். குடுவை சாய்ந்து, மது சொட்டுச் சொட்டாகத் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் கண் அம்மாள் மேல் இல்லை. அம்மாளின் தலைக்கு மேலே, பின்சுவரில் நிலைகுத்தி நின்றது. வீட்டுக்குள் வந்ததிலிருந்து தரையைவிட்டு எழும்பாத பார்வை அது. துணி விழுந்த சத்தத்தில்தான் நிமிர்ந்திருக்கிறாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தாலஸுக்கு உயிரே போய்விட்டது. கூப்பிட்டது காதில் விழாமல் நிற்கும் அடிமையை, அதுவும் மதுவைக் கொட்டிக்கொண்டு நிற்பவளை, அம்மாள் இதுவரை சும்மா விட்டதில்லை. இனி விடுதலையாவது மண்ணாவது. கப்புவா வண்டி நாளை வரை காத்திருக்கக்கூட வேண்டியதில்லை.

"நெப்ரிஸ்!" என்று அவனே அடிக்குரலில் அதட்டினான். அவள் திடுக்கிட்டுக் குடுவையை நிமிர்த்தினாள். "ஐயோ, அம்மா, மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க..." ஓடி வந்து ஊற்றினாள். அவசரத்தில் பாதி வெளியே போனது.

"எதப் பாத்துக்கிட்டு நின்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"பொய் சொல்லாத. என் தலைக்கு மேல எதப் பாத்த?"

"படம்மா. நம்ம வீட்டுப் படம்."

"நம்ம வீட்டுப் படமா? எந்தப் படம்?"

"நம்ம விருந்தறைச் சுவத்துல இருக்குமே. பாலம் போட்ட படம். உங்க முதுகுக்குப் பின்னால."

அம்மாளின் புருவம் நெளிந்தது. அவள் வீட்டு விருந்தறை மலையையும் திராட்சைத் தோட்டத்தையும் பார்த்துத் திறந்திருக்கும். நாற்பது வருஷமாக அவள் மலையைப் பார்த்துத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள்.

"ஆமா. அவர் எவனையோ கூட்டிவந்து வரைய வச்சார். ஆடு, பாலம்னு என்னென்னமோ. சுண்ணாம்பு வாசனை ஆகாதுன்னு நான் உள்ளயே வரல," என்றாள். பிறகு கையை நீட்டினாள். "புடி என்னை."

"அம்மா, உங்க முழங்கால்..." என்றான் கலாவியஸ்.

"என் முழங்கால் எனக்குத் தெரியும். சும்மா கெட."

நெப்ரிஸ் தாங்கிப் பிடிக்க, அவள் கட்டிலைவிட்டு இறங்கி, வெறுங்காலோடு மதுக்குட மேஜை வரை நடந்து வந்து, நெப்ரிஸ் நின்ற இடத்திலேயே நின்று திரும்பினாள்.

சிவப்புச் சுவரின் நடுவே, வெள்ளைக் கட்டத்துக்குள், அந்தப் படம் இருந்தது. ஒரு சின்ன ஆறு. அதன் மேல் ஒற்றைப் பலகைப் பாலம். பாலத்தில் கூடை சுமந்து ஒருத்தி நடக்கிறாள், பின்னால் ஒரு ஆடு. அக்கரையில் ஒரு பைன் மரம், மரத்தடியில் ஒரு குடிசை. சாய்வெயில் தோட்டம் தாண்டி உள்ளே வந்து நேரே அதன் மேல் விழுந்தது. மெழுகு பூசித் தேய்த்த சுவர் ஈரமாக இருப்பதுபோல் மினுங்கியது.

அரெல்லியா அம்மாள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதத்தான் தினமும் பாத்துக்கிட்டு நிப்பீங்களா?"

"ஆமாம்மா," என்றாள் நெப்ரிஸ். "பேசக் கூடாதில்ல. நான் இந்தப் பக்கம் நிப்பேன், அவரு அந்தப் பக்கம் நிப்பாரு. ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டு நிப்போம்."

"எதுக்கு?"

நெப்ரிஸ் தாலஸைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தாள். "அந்தக் குடிசை எங்களுதுன்னு வச்சுக்கிட்டோம், அம்மா. எந்தக் கட்டில் எங்க போடறது, அடுப்பு எங்க வைக்கறதுன்னு தட்டுக் கழுவறப்ப பேசிக்குவோம். ஆட்டுக்குக்கூடப் பேரு வச்சிருக்கோம்."

"ஆட்டுக்குப் பேரு என்ன?"

நெப்ரிஸ் தயங்கினாள். தாலஸ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"அரெல்லியா," என்றாள்.

கலாவியஸுக்குப் புரையேறியது. ஓப்பியஸ் மெத்தைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அம்மாளின் வாய்க்கோடி ஒரு பக்கம் இழுபட்டது, அது சிரிப்பா கோபமா என்று தாலஸால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரி, வருஷக்கணக்கா வீட்ல பாக்கற படம்தானே. இன்னைக்கு என்ன அதிசயம், மதுவ ஊத்த மறந்து நிக்கற அளவுக்கு?"

"கதவும்மா." நெப்ரிஸின் குரல் உடைந்தது. "நம்ம வீட்டுப் படத்துல குடிசைக் கதவு சாத்தியிருக்கும். இதுல தெறந்திருக்கு."

அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். குடிசைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மஞ்சளாக ஒரு விளக்கு, அரிசிமணி அளவு.

"யார் சொல்லித் தெறந்த?" என்று ஓப்பியஸைக் கேட்டாள்.

"அவன்தாம்மா. மூணு தடவ சாத்தி வரைஞ்சேன், மூணு தடவையும் 'தெற, தெற'ன்னு உயிர வாங்கிட்டான்."

அம்மாள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாள். வலியில் முகம் சுளித்தது.

"இப்படியேவா நிப்பீங்க, கடைசிப் பழம் வர்ற வரைக்கும்?"

"ஆமாம்மா."

"கால் வலிக்காதா?"

"வலிக்கும்மா."

அம்மாள் கையை நீட்டி நெப்ரிஸின் கையிலிருந்த மதுக்குடுவையை வாங்கிக்கொண்டாள். தன் கட்டிலைத் தாடையால் சுட்டிக் காட்டினாள்.

"போ. போய் என் இடத்துல படு. நான் இன்னும் கொஞ்ச நேரம் இதப் பாக்கணும்."

நெப்ரிஸ் அசையவில்லை. தாலஸும் அசையவில்லை. கலாவியஸ்தான் எழுந்து உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம். நாங்க மூணு பேர் சாட்சியா இருக்கறப்ப இவகிட்ட விருந்துக் கட்டிலக் காட்டிப் படுன்னு சொல்றீங்க. அதுக்குச் சட்டத்துல என்ன பொருள்னு..."

"கலாவியஸ், உங்கப்பன் தப்புந்தவறுமா சட்டம் படிச்சப்ப திருத்தினவ நான். எனக்கு நீ சொல்லித் தராத. தெரிஞ்சுதான் சொல்றேன். வேணும்னா இன்னொரு தடவ சத்தமாச் சொல்லட்டுமா? நெப்ரிஸ், போய்ப் படு."

"அப்போ கப்புவாவுக்கு?"

"என் தம்பி பொண்ணுக்கு ரெண்டு கை இருக்கு. அவளே சீவிக்கட்டும்."

தாலஸுக்கு நாலு வருஷமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனமாதிரி இருந்தது. கை கால் எல்லாம் லேசாகி, தன்னை அறியாமல் கண்ணீர் ஒழுகியது. துடைக்கவும் தோன்றவில்லை.

நெப்ரிஸ் நடுக்கட்டிலுக்கு நடந்தாள். செருப்பைக் கழற்றினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. வலது கையை ஊன்றிப் பார்த்தாள், சரிப்படவில்லை.

"இடது முழங்கை," என்றான் தாலஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தலைகாணியில ஊனு. காலப் பின்னால விடு. நானே நேத்துத்தான் கத்துக்கிட்டேன்."

அவள் இடது முழங்கையை ஊன்றி, மெல்லச் சாய்ந்து, காலை நீட்டிப் படுத்தாள். கலாவியஸ் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். மெத்தை அவள் எடைக்கு ஒரு பெருமூச்சு விட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, முதல் தடவையாக எதிரே பார்த்தாள்.

பார்த்தவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். விழுந்து கிடந்த துணி. கரிச் சுவர். கார்பஸ் அவசரத்தில் சாத்த மறந்த கக்கூஸ் கதவு.

"ஏய்யா!" என்றாள் தாலஸைப் பார்த்து. அவன் வருஷக்கணக்காகக் கேட்டிராத அதட்டல் அது. "இங்க படுத்தா இதாய்யா தெரியுது? கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு உனக்கு?"

"இல்ல, நான் நின்னு..."

"நின்னானாம்! யோவ் ஓப்பியஸ், அந்தச் சுவத்துக்கு எத்தன நாளாகும்?"

"பத்து நாள்," என்றான் ஓப்பியஸ் மெத்தையிலிருந்து முகத்தை எடுத்து.

"நாளைக்குக் காலையில வந்து கரியக் கொத்து. நான் இருந்து பாத்துக்கறேன்."

கப்புவா வண்டி வருவதாக இருந்த அந்த 'நாளைக்கு'வைத் தாலஸ் கேட்டான். சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியவில்லை. அரெல்லியா அம்மாள் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே, குடுவையைச் சாய்த்து நெப்ரிஸின் முன்னாலிருந்த கிண்ணத்தை நிரப்பினாள். பாதி வெளியே கொட்டியது.